சத்தமே புகாத ஹெட்போன்

தலையில் எதையாவது மாட்டிக்கொண்டால் மனிதருக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிடுகிறது. தலைப்பாகை வைத்ததும் கல்யாண மாப்பிள்ளையின் நடை மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். என் விஷயத்தில் அது ஒரு ஹெட்போன். இருபத்திரண்டு வயதில், கறுப்பாக, கனமாக, இரண்டு காதையும் முழுசாக மூடும் டிஜே ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். ஆவடியிலிருந்து கிளம்பி ஊரையே ஆட்டிவைக்கப் போகிறவள் நான்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். அடுத்த மாதம் பூந்தமல்லி பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபமே என்னால் ஸ்தம்பித்துப் போனது. அந்தக் கதையை இனிமேலும் மற்றவர்கள் சொல்லி நான் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அவரவர் கைச்சரக்கைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு டிஜே பைத்தியம் பிடித்தது கல்லூரிக் கடைசி வருஷத்தில். ஒரு விழாவில் டிஜே ஒருவர், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் தாளத்தோடு அடுத்த பாட்டை இழுத்துச் சேர்த்து, எது எங்கே முடிந்தது என்றே தெரியாமல் கூட்டத்தை ஆடவைத்தார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதன் பிறகு யார் யாரிடமோ கெஞ்சிக் கூத்தாடி, ஒரு சீனியர் அக்கா பயன்படுத்திய பழைய கன்ட்ரோலரை வாங்கிவிட்டேன். கன்ட்ரோலர் என்றால் லேப்டாப்போடு இணைக்கிற ஒரு பெட்டி. அதில் இரண்டு வட்டத் தட்டும், ஏகப்பட்ட குமிழ்களும் இருக்கும். மண்டபத்துக்கு ஒரு பாட்டு போய்க்கொண்டிருக்கும்போதே, அடுத்த பாட்டை டிஜே மட்டும் தன் காதில் கேட்டுத் தயார் செய்துகொள்ள வேண்டும். ஹெட்போன் அதற்குத்தான். வெளிச் சத்தம் உள்ளே புகுந்தால் வேலை கெட்டது.

நாங்கள் குடியிருந்தது அப்பா வேலை பார்த்த ஃபேக்டரியின் குவார்ட்டர்ஸில், முதல் மாடி. கீழ்வீட்டு மாமாவுக்கு எப்போதும் நைட் ஷிப்ட். பகலெல்லாம் தூங்குவார். குவார்ட்டர்ஸில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்குகிற வீட்டுக்குப் பக்கத்தில் குக்கர் வெயிட்டைக்கூடப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அங்கே நான் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டுப் பழகினால் அப்பாவின் மானம் கப்பலேறிவிடும். அதனால் ஒரு வருஷ காலம் நான் போட்ட பாட்டெல்லாம் என் காதைத் தாண்டி வெளியே போனதில்லை. ஸ்பீக்கருக்குச் சத்தம் அனுப்புகிற மாஸ்டர் குமிழைப் பூஜ்ஜியத்தில் வைத்தேன். அது அங்கேயே தூசி படிந்து கிடந்தது. அப்படி ஒன்று இருப்பதையே மறந்துபோனேன்.

இனி அப்பா. பெயர் சதாசிவம். ஃபேக்டரியில் எஞ்சின் சோதிக்கும் ஷெட்டில் இன்ஸ்பெக்டர், ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் பாக்கி. ஷெட்டில் செய்கிற வேலையை வீட்டுக்கு வந்தும் நிறுத்தத் தெரியாத மனிதர். கத்தரிக்காயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். என் அக்கா அகிலாவைப் பெண் பார்க்க மாப்பிள்ளை கார்த்திக் வந்தபோது, "வாங்க தம்பி" என்று சொல்லும் முன்பே குனிந்து அவர் பைக்கின் டயரைப் பார்த்தார். (டயர் நன்றாக இருந்தது. கல்யாணமும் நிச்சயமானது.)

மாப்பிள்ளை வீடு திருநின்றவூர். சம்பந்தியம்மா மரகதம் அரசுப் பள்ளியில் டீச்சர். கணவர் இறந்தபோது கார்த்திக்குக்கு நான்கு வயதாம். தனியாளாக நின்று வளர்த்தவர். அதிகம் பேசமாட்டார். மூக்குக் கண்ணாடிக்கு மேலே கண்ணை உயர்த்தி ஒரு பார்வை பார்ப்பார், நமக்கு வீட்டுப்பாடம் எழுதாத ஞாபகம் வந்துவிடும். கல்யாணச் செலவு பேச உட்கார்ந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ரிசப்ஷன்ல பாட்டுக் கச்சேரி இருக்கணும் சம்பந்தி. எங்க பக்கத்துல எல்லார் வீட்டுலயும் வச்சிருக்காங்க. என் பையன் கல்யாணத்துல மட்டும் சத்தமே இல்லைன்னா, அப்பா இல்லாத புள்ளைக்கு இவ்வளவுதான்னு பேசுவாங்க. அதை மட்டும் என்னால தாங்க முடியாது."

அப்பா யோசிக்கவே இல்லை. "கச்சேரி எதுக்கும்மா? என் சின்னப் பொண்ணு நித்யா டிஜே. ஆடாம ஒருத்தரும் வீட்டுக்குப் போகமாட்டாங்க. இது என் வாக்கு."

நான் காபி தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். அதுவரை என்னை அவர் டிஜே என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'அந்தப் பொட்டி' என்றுதான் சொல்வார். என் மார்க் ஷீட்டையே அரை மணி நேரம் பார்த்துவிட்டு 'ம்' என்று சொல்கிறவர், ஊர் பேர் தெரியாத என் திறமையை நம்பி சம்பந்தியம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். இனி நான் சொதப்பினால் போவது அப்பாவின் பெயர். அகிலா போகிற வீட்டில் அவள் காலமெல்லாம் கேட்க வேண்டிய பேச்சு.

என்னிடம் இருந்ததோ ஒரு பக்கம் செத்துப்போன இயர்போன். "நல்ல ஹெட்போன் வேணும்ப்பா" என்றேன். அது போதுமே அவருக்கு. ஸ்டீல் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு ஒரு தாள் தயார் செய்தார். வரிசை எண், சோதனை, முடிவு, கையெழுத்து. சோதனை ஒன்று மிக்ஸி. சோதனை இரண்டு குக்கர் விசில். சோதனை மூன்று அம்மா. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஹாலில் உட்கார வேண்டும். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அப்பா எதிரே நாற்காலி போட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

முதலில் வரவழைத்தது காதுக்குள் ரப்பர் முனையைச் செருகுகிற இயர்போன். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு முனை கொடுத்திருந்தார்கள். பெரியதைப் போட்டால்தான் சத்தம் நன்றாக அடைபட்டது, ஆனால் காதில் எறும்பு போய்விட்ட மாதிரி இருந்தது. மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைபட்டது, எனக்குக் கேட்கவில்லை. குக்கர் நாலு விசில் விட்டது, கேட்கவில்லை. அம்மா சமையலறையிலிருந்து "நித்யகல்யாணி" என்றார். கை தானாகத் தூக்கிக்கொண்டது. (அம்மா முழுப் பெயரைச் சொன்னால் பரம்பரையே எழுந்து நிற்கும்.) அப்பா தாளில் 'ஃபெயில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது, வயர் இல்லாமல் பேட்டரியில் ஓடுகிற வகை. வெளிச் சத்தத்தை அதுவே அழித்துவிடும் என்றார்கள். மின்விசிறிச் சத்தத்தை அழித்தது, ரயில் போகிற உறுமலை அழித்தது. இப்படி ஒரே சீராக வருவதை எல்லாம் விழுங்கிவிட்டு, அம்மாவின் குரலை மட்டும் துல்லியமாகக் கொண்டுவந்து கொடுத்தது. போதாக்குறைக்குத் தாளமும் ஒரு நொடி பின்தங்கி வந்தது. டிஜேவுக்கு அது ஆகவே ஆகாது. அதுவும் திரும்பிப் போனது.

மூன்றாவதுதான் என் நாயகன். பேட்டரி இல்லை, ஒரு மாயமும் இல்லை. தடிமனான மெத்தை வைத்த இரண்டு கிண்ணம், சுருள் சுருளான வயர். கிண்ணம் காதை முழுசாக மூடி, தலையை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்தது. சத்தம் உள்ளே வர வழியே கிடையாது. அம்மா ஏழு முறை கூப்பிட்டிருக்கிறார். எட்டாவது முறை கரண்டியோடு எதிரே வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அகிலாவின் நிச்சயதார்த்தத்தில்கூட நான் பார்க்கவில்லை.

"இது பாஸ்" என்றார். "வெளிச் சத்தம் ஒரு துளி உள்ள போகக் கூடாது. காது போச்சுன்னா திரும்ப வராது பாப்பா."

சீனியர் அக்காவிடம் போனில் பெருமையடித்தேன். அவர் சொன்னார், "நல்லது நித்யா. ஆனா போடும்போது ஒரு காதை மட்டும் மூடிக்கோ. இன்னொரு காது மண்டபத்தைக் கேட்டுட்டே இருக்கணும். அதான் முக்கியம்."

இதை அப்பாவிடம் சொன்னேன். "ஹெல்மெட்டைப் பாதித் தலைக்கு மட்டுமா போடுறோம்? பாஸ் ஆனதை முழுசாப் போடணும்" என்றார். பல மேடை பார்த்த அக்காவை விட்டுவிட்டு, எஞ்சின் ஷெட் இன்ஸ்பெக்டர் சொன்னதைக் கேட்டேன். புத்திசாலி என்று என்னை யாரும் சொன்னதில்லை, காரணம் இருக்கிறது.

ரிசப்ஷன் நாள் வந்தது. சாயந்திரம் மண்டபத்துக்குப் போனால் சவுண்டு சர்வீஸ் பாபு அண்ணன் ஏற்கெனவே வந்திருந்தார். அம்பத்தூர்க்காரர். மேடைக்கு இடப்பக்கம் என் மேஜை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற அவருடைய மிக்ஸர் வாசலுக்குப் பக்கத்தில், மண்டபத்தின் அந்தக் கடைசியில்.

"இன்னாமா, லைன் குடுத்துட்டேன். ஒரு தபா போட்டுக் காட்டு, செக் பண்ணிக்கலாம்" என்றார்.

"தேவையில்லண்ணா, எல்லாம் ஏற்கெனவே டெஸ்ட் பண்ணியாச்சு" என்றேன். (அந்தத் திமிர் என்று சொன்னேனே, அதுதான் இது.)

"சரி, உன் இஷ்டம். மைக்கு ஒண்ணு வச்சிகீறேன், அனவுன்ஸ் பண்றதுன்னா பண்ணிக்கோ. நான் ஆன்லதான் வுட்ருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் மணமகள் அறைக்குப் போனேன். அங்கே பார்லர் அக்கா அகிலாவுக்கு அலங்காரம் முடித்துவிட்டு என்னைப் பிடித்தார். ஹெட்போன் வழுக்கி விழுந்துவிடுமோ என்ற பயத்தில், "அக்கா, இதையும் சேர்த்து வச்சு செட் பண்ணிடுங்க" என்றேன். அவர் தொழில் தெரிந்தவர். ஹெட்போனின் வளைவுக்கு மேலே முடியை எடுத்துப் பின்னி, முப்பது நாற்பது ஊசி குத்தி, மல்லிகைப்பூவைச் சுற்றிவிட்டார். பூகம்பம் வந்தாலும் கழன்று விழாது. நானே நினைத்தாலும் கழற்ற முடியாது என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை. பட்டுப்பாவாடை தாவணியில், காதில் கறுப்புக் கிண்ணங்களோடு, உலகத்தின் எந்தச் சத்தமும் கேட்காமல் மண்டபத்துக்குள் நடந்து வந்தேன்.

முதல் பாட்டை அழுத்தினேன். ஆகா, என்ன சத்தம், என்ன தெளிவு. தாளம் நெஞ்சுக்குள் அடித்தது. நிமிர்ந்து பார்த்தால் மண்டபத்தில் இருந்த அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியிருந்தது. ஓடி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஒரு மாமி பாயாசக் கப்பை வாய்க்குப் பக்கத்தில் வைத்தபடி உறைந்திருந்தார். முதல் பாட்டிலேயே கட்டிப்போட்டுவிட்டாய் நித்யா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மேடையில் அகிலா வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன். வாசல் பக்கம் பாபு அண்ணன் இரண்டு கையையும் மேலே தூக்கித் தூக்கிக் காட்டினார். என்ன உற்சாகம் இந்த மனிதருக்கு என்று நானும் இரண்டு கையையும் அதே மாதிரி தூக்கிக் காட்டினேன். அவர் இன்னும் வேகமாகக் காட்டினார். நானும் விடவில்லை.

இருந்தாலும் மனசில் ஒரு சின்னச் சந்தேகம். ஒருத்தரும் ஆடவில்லையே. அப்போதுதான் முன்வரிசையில் அப்பாவைப் பார்த்தேன். பட்டு வேட்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து, என் கை போகிற தாளத்துக்குச் சரியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். முழங்காலில் விரல் தட்டிக்கொண்டிருந்தது. கண் சந்தித்ததும் கட்டை விரலை உயர்த்தினார். வெளிச்சத்தில் பார்க்காமல் கத்தரிக்காயைக்கூட வாங்காத என் அப்பா பாஸ் சொல்லிவிட்டார். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்.

மண்டபம் என்ன கேட்டுக்கொண்டிருந்தது என்பது வீடியோவில் இருக்கிறது. மாஸ்டர் குமிழ் பூஜ்ஜியத்தில், தூசியோடு. ஆகவே பாட்டு கிடையாது, ஒரு தட்டுச் சத்தம்கூடக் கிடையாது. பாட்டு வரவில்லையே என்று பாபு அண்ணன் தன் பக்கத்தில் இருந்ததை எல்லாம் உச்சத்துக்கு ஏற்றியிருக்கிறார். ஏறியது என் முன்னால் இருந்த மைக் மட்டும்தான். காதை இறுக்கி மூடிக்கொண்டவளுக்குத் தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று தெரியாது. முன்னூறு பேர் நிசப்தமாக உட்கார்ந்து பின்வருவதைக் கேட்டார்கள்.

"ஒன், டூ, த்ரீ, ஃபோர். ஒன், டூ, த்ரீ, ஃபோர். அப்படித்தான் கண்ணு, அப்படித்தான். தன்ன தான தன்ன தானா. ஐயோ அம்மா, இந்த ஊசி குத்துதே. ஒன், டூ. அந்தப் பச்சைச் சட்டை மாமா மூணாவது ஐஸ்கிரீம் சாப்பிடுறாரு. த்ரீ, ஃபோர். நித்யா, நீ எங்கேயோ போயிட்டடி."

நடுவில் நான் பாடவும் செய்திருக்கிறேன். என் குரலைப் பற்றி என்னைப் பெற்றவர்களே நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

பிறகு, வீடியோவில் நான்காவது நிமிடத்தில், இப்படி வருகிறது: "முருகா, எங்கப்பா வாக்குக் கொடுத்துட்டாரு. அவர் பேரைக் காப்பாத்து. மரகதம் அத்தை முகத்தைப் பார்க்கவே பயமா இருக்கு. பரவால்ல, அப்பா தலையாட்டுறாரு. அப்பா தலையாட்டினா எல்லாம் சரியாத்தான் போகுது."

கொஞ்ச நேரத்தில் அந்த அதிசயம் நடந்தது. முன்வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த மரகதம் அத்தை கை தட்ட ஆரம்பித்தார். தாளத்துக்குச் சரியாக, நிதானமாக. பக்கத்தில் இருந்தவர்கள் தட்டினார்கள். அந்த வரிசை முழுக்கத் தட்டியது. அப்புறம் அடுத்த வரிசை. என் கை எங்கே இறங்கியதோ அங்கே முன்னூறு பேர் கையும் சேர்ந்து தட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வேகத்தில் முதல் பாட்டிலிருந்து இரண்டாவது பாட்டுக்குப் போனேன். என் வாழ்க்கையில் நான் போட்டதிலேயே அருமையான இணைப்பு அதுதான். கேட்டவள் நான் ஒருத்திதான்.

இப்படியே பதினொரு நிமிடம் போனது. பந்திக்குப் போகிற கூட்டத்தையும் கிஃப்ட் கொடுக்க நின்ற வரிசையையும் பிளந்துகொண்டு பாபு அண்ணன் என் மேஜைக்கு வந்து சேர்ந்தார். வேர்த்து விறுவிறுத்திருந்தார். ஏதோ சொன்னார். "என்னண்ணா?" என்று கத்தினேன். மண்டபம் முழுக்க அதுவும் கேட்டிருக்கிறது. அவர் தலையில் அடித்துக்கொண்டு, குனிந்து, மாஸ்டர் குமிழைப் பிடித்து ஒரே திருகாகத் திருகினார்.

அவர் பக்கத்தில் எல்லாம் உச்சத்தில் இருந்தது என்று சொன்னேன் அல்லவா. சத்தம் இடி இறங்குகிற மாதிரி இறங்கியது. நான் அதையும் கேட்கவில்லை, ஜனங்கள் துள்ளியதைத்தான் பார்த்தேன். பாயாச மாமியின் கப் எகிறிப் போனது. பிள்ளைகள் ஓவென்று அழுதார்கள். அதற்கப்புறம் மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அப்போதும் எனக்கு ஹெட்போனைக் கழற்ற முடியவில்லை. இரண்டு பெரியம்மா பெண்கள் ஓடிவந்து ஊசி ஊசியாகப் பிடுங்கினார்கள். பூவும் முடியுமாக அது கையோடு வந்தபோதுதான் எனக்கு உலகம் கேட்டது.

"இன்னாமா நீ" என்றார் பாபு அண்ணன். "மாஸ்டரு ஜீரோல கீது. நான் அங்கிருந்து ஏத்து ஏத்துன்னு கைய ஆட்டிகினே கீறேன், நீயும் திருப்பி ஆட்டிகினு கீற."

"மைக்ல எல்லாம் கேட்டுச்சாண்ணா?"

"நீ மூச்சு வுட்டது கூட கேட்டுச்சும்மா" என்றார் பரிதாபமாக.

அப்பாவைத் தேடினேன். மண்டபத்தில் சிரிக்காமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். முகம் வெளிறி, அத்தையிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், அப்பா பேர் போச்சு என்று நினைத்தேன். மணமகள் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு, பார்லர் அக்காவின் பெட்டி மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

கதவைத் திறந்துகொண்டு வந்தது மரகதம் அத்தை. நான் எழுந்து நின்றேன்.

"மன்னிச்சிடுங்க அத்தை. கச்சேரி இல்லாம போயிடக் கூடாதுன்னு நீங்க அவ்வளவு சொன்னீங்க. எங்கப்பா மேல தப்பு இல்ல, நான்தான்..."

"அதை விடு" என்றார். "உங்கப்பாவுக்கு எத்தனை நாளா காது கேக்கல?"

எனக்குப் புரியவில்லை. "அப்பாவுக்குக் கேக்குமே அத்தை."

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்பா தலையாட்டுறாருன்னு நீ மைக்ல சொன்னப்ப திரும்பிப் பார்த்தேன். பாட்டே இல்ல, அவர் தாளம் போட்டுட்டிருக்கார். என்ன சம்பந்தி, பாட்டுப் பிடிச்சிருக்கான்னு கேட்டேன். என் முகத்தைப் பார்த்துட்டு, என் பொண்ணும்மா, எவ்வளவு நல்லாப் போடுறா பாருங்கன்னார். கண்ணுல தண்ணி நிக்குது அவருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "எல்லாரும் உன்னைப் பார்த்து முழிக்கிறப்ப, அவர் மட்டும் தனியாத் தாளம் போடுறதை யாராவது கவனிச்சா அவருக்கு எப்படி இருக்கும்? அதான் நானும் தட்டினேன். மத்தவங்களையும் ஒரு பார்வை பார்த்தேன், தட்டினாங்க."

(அந்தப் பார்வையைப் பார்த்தால் யார்தான் தட்டமாட்டார்கள்.)

"சத்தம் வந்தப்புறம்தான் அவருக்கே தெரிஞ்சிருக்கு. இப்பத்தான் பாட்டு ஆரம்பிக்குதா, இவ்வளவு நேரம் என்ன நடந்துச்சுன்னு கேட்டார். இவ்வளவு நேரம் உங்க பொண்ணு உங்களைப் பத்தித்தான் பேசிட்டிருந்தா, நாங்க எல்லாரும் கேட்டோம்னு காதுகிட்டப் போய்ச் சொன்னேன்."

நான் விக்கி விக்கி அழுதேன். அத்தை புடவைத் தலைப்பால் என் கண் மையைத் துடைத்துவிட்டார். "போய் ஒழுங்காப் பாட்டைப் போடு. எங்க பக்கத்து ஆளுங்க ஆடணும்னே வந்திருக்காங்க" என்றார்.

போனேன். முடி பறந்துகொண்டிருக்க, ஒரு காதை மூடி, ஒரு காதைத் திறந்து வைத்து ஒன்றரை மணி நேரம் போட்டேன். திருநின்றவூர் ஜனம் ஆடிய ஆட்டத்தில் மேடைப் பலகை ஒன்று உடைந்தது. அப்பா கொடுத்த வாக்கு ஒருவழியாகக் காப்பாற்றப்பட்டது. அவர் மட்டும் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, தலையாட்டாமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள், அம்மா பீரோவைத் திறந்து மேல்தட்டிலிருந்து மூன்று பெட்டிகளை எடுத்து அப்பா முன்னால் வைத்தார். ஷெட்டில் சத்தத்துக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லி ஃபேக்டரியில் கொடுத்த காதுக் கவசம். மூன்றும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் புத்தம் புதிதாக, நடுவில் ரசகற்பூர உருண்டை வைத்துப் பாதுகாக்கப்பட்டிருந்தது.

"ஏங்க, இது யாரு சீருக்கு?" என்றார் அம்மா.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நல்ல சாமான். ஷெட்ல கிரீஸ் பட்டு அழுக்காயிடும்னு வச்சேன். அதுவும் போக, எஞ்சின்ல என்ன கோளாறுன்னு நான் காதை வச்சுத்தான் கண்டுபிடிப்பேன். மூடிக்கிட்டா எப்படி? அஞ்சாறு வருஷமா கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சுது. வெளிய சொன்னா, காது கேக்காத இன்ஸ்பெக்டர்னு பசங்க சிரிப்பாங்க. அதான் வாயைப் பார்த்துப் பார்த்து ஓட்டிட்டேன்."

"நீங்க என் பேச்சைக் காதுல வாங்கறதே இல்லைன்னு நினைச்சேன்" என்றார் அம்மா. "கல்யாணமான நாள்லேருந்து அப்படித்தானே இருந்தீங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்று இருந்தது. அதே வீட்டில், அதே ஹாலில், நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். எதிரே இருந்த மனிதருக்குக் காது கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. அவரோ தனக்குப் போனது எனக்காவது மிஞ்சட்டும் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

காது மெஷினுக்கு அப்பா லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் சொல்லி ஆகவில்லை. மரகதம் அத்தை ஒரு சனிக்கிழமை ஆட்டோவோடு வந்து வாசலில் நின்றார். "கிளம்புங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். முகப்பேரில் ஒரு கிளினிக்கில் இரண்டு காதுக்கும் மெஷின் பொருத்தி, சாயந்திரம் திரும்பக் கொண்டுவந்து விட்டார்.

நான் இப்போது ஒரு ஐடி கம்பெனியில் இருக்கிறேன். சனி ஞாயிறுகளில் டிஜே. போன வருஷம் வானகரத்தில் ஒரு ஹாலில் அகிலாவின் மகனுக்குக் காதுகுத்து. அப்பா முழுக் காதோடு உட்கார்ந்து, நான் பாட்டுப் போடுவதை முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு அரை மணி நேரம் கவனமாகக் கேட்டார். முடித்ததும் நேராக அவரிடம் போய், "எப்படிப்பா இருந்துச்சு?" என்றேன்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"நல்லாத்தான் இருக்கு பாப்பா" என்றார். "ஆனா அக்கா ரிசப்ஷன்ல முதல்ல பதினொரு நிமிஷம் போட்டியே, அந்த மாதிரி வரல."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு சம்பந்தி" என்றார் பக்கத்தில் இருந்த மரகதம் அத்தை.

இப்போது எங்கள் இரண்டு குடும்பத்திலும் நான் எங்கே பாட்டுப் போட்டு முடித்தாலும், ஆளாளுக்கு வந்து இதையே சொல்லிவிட்டுப் போகிறார்கள். சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். அப்பா மட்டும் ஒவ்வொரு முறையும் மனசாரச் சொல்கிறார்.